அறுபது சிஸ்டத்துக்கு விலாசம்

இருபத்திரண்டு. இந்தத் தடவை இருபத்திரண்டு சிஸ்டம்தான் பரீட்சை சர்வரைப் பிடித்திருந்தது. மீதி முப்பத்தெட்டும் வெள்ளைத் திரையில் ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டு நின்றன. அரை மணிக்கு முன்னால் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டபோது முப்பத்தொன்று பிடித்தது. அதற்கு முன்னால் பதினெட்டு. கெட்டுப்போன சிஸ்டம் கெட்டதாகவே கிடந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். போன தடவை பிடித்தது இந்தத் தடவை பிடிக்காமல், போன தடவை செத்துக் கிடந்தது இந்தத் தடவை பல்லை இளித்துக்கொண்டு வந்தால் மனுஷி எதைத்தான் பிடிப்பாள்?

மேனகா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். மணி பதினொன்றரை. காலை ஏழு மணிக்கு வந்தவள். வரும்போது வாங்கிய இட்லி பொட்டலம் பிரிக்காமல் மேசையில் கிடந்தது.

பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அரூருக்கும் நடுவில், மரவள்ளிக் காட்டை ஒட்டி நிற்கிற தனியார் கல்லூரி அது. அங்கே கம்ப்யூட்டர் லேபுக்கு மேனகாதான் எல்லாம். பேர் என்னவோ லேப் உதவியாளர், அதுவும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். பதினோரு வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைக்கு மூன்று மணிக்குச் சேலத்திலிருந்து பரீட்சை நடத்தும் கம்பெனியின் ஆள் வருகிறார். அறுபது சிஸ்டமும் அரை மணி நேரம் அறுபடாமல் பரீட்சை சர்வரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வங்கி எழுத்தர் தேர்வு இங்கேயே நடக்கும். ஒன்று குறைந்தாலும் சென்டர் ரத்து, பேர் கொடுத்த அறுபது பேரும் சேலத்துக்குப் போக வேண்டியதுதான்.

சேலம் என்ன சீமையா, போனால் போகட்டுமே என்று சொல்கிறவர்களுக்குச் சித்தேரி மலையைத் தெரியாது. மேனகா அந்த மலைக்காரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு தேர்வுக்கு, ராத்திரியெல்லாம் தூங்காமல் படித்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கினாள். அரூரில் மாறி, சேலத்தில் மாறி, சென்டர் வாசலுக்குப் போய் நின்றபோது மணி ஒன்பது இருபத்திரண்டு. ஒன்பதே காலுக்குக் கேட்டைச் சாத்திவிட்டார்கள். ஏழு நிமிடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிப் பார்த்தாள். உள்ளே இருந்தவர், “ரூல்ஸும்மா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். முதல் பஸ்ஸே அதுதான், அதற்கு முன்னால் பஸ் கிடையாது என்பதை அவரிடம் எத்தனை தடவை சொன்னாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. சேலத்தில் ஒரு ராத்திரி தங்க ஒரு சொந்தபந்தம் இருந்திருந்தால் அவள் இன்று வங்கியில் ஏசி காற்றில் உட்கார்ந்திருப்பாளோ என்னவோ. அந்த வயிற்றெரிச்சலில்தான் இரண்டு வருஷமாகத் தாளாளர் தீர்த்தகிரியின் பின்னாலேயே நடந்து, சென்டர் கேளுங்க சார், சென்டர் கேளுங்க சார் என்று நச்சரித்து இந்த அனுமதியை வாங்கியிருந்தாள். சித்தேரியிலிருந்து மட்டும் ஒன்பது பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறது.

எழுந்து தன்னுடைய சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தாள். சர்வர் என்று சொன்னால் பெரிய அலமாரி என்று நினைத்துவிட வேண்டாம். கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி, லினக்ஸ் போட்டு, அவளே ராப்பகலாக உட்கார்ந்து படித்து ஓடவிட்டது. டிஹெச்சிபி என்பது அதன் வேலை. கேட்கத்தான் பெரிய பேர். ரேஷன் கடையில் டோக்கன் கொடுக்கிற ஆளின் வேலைதான். ஒவ்வொரு சிஸ்டமும் உயிர் வந்ததும், எனக்கு ஒரு நம்பர் கொடுங்கள் என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். இது கேட்டு, இந்தா உன் நம்பர் என்று ஒன்றை எடுத்துக் கொடுக்கும். அந்த நம்பர்தான் அந்த சிஸ்டத்துக்கு விலாசம். சரியான விலாசம் இருந்தால்தான் பக்கத்தில் இருக்கிற பரீட்சை சர்வரோடு பேச முடியும்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்னால் அவள்தான் அந்தச் சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து நம்பர்களின் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தாள். அதனால் காலையிலிருந்து தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் அந்த மூதேவி எழுந்திருக்காது. வரி வரியாக நாலு தடவை படித்தாயிற்று. அரைப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. சர்வரும் ஓடுகிறேன் என்று பச்சையாகத்தான் சொன்னது. பிழை இல்லாத இடத்தில் பிழையைத் தேடுவதைப் போல ஆளைச் சோரவைக்கிற வேலை வேறு கிடையாது.

போன் அடித்தது. தீர்த்தகிரி.

“ஏம்மா மேனகா, ஆச்சா?”

“பாத்துக்கிட்டிருக்கேன் சார்.”

“பாத்துக்கிட்டே இரு. நான் அன்னிக்கே சொன்னேன், சேலத்துக் கம்பெனிக்காரன வுட்டுப் புதுசா ஒரு பெட்டி வாங்கிப் போட்டுக்கலாம்னு. நீதான் லினக்ஸுன்ன, ஓசின்ன. வர்ற ஆளு முன்னாடி என் மானத்த வாங்கிராத.”

“இல்லீங்க சார்.”

போனை வைத்தாள். அவருக்கு மானம், இவளுக்கு மலையிலிருந்து வருகிற ஒன்பது பேர். யாருடைய கவலை பெரியது என்று சண்டை போடவும் தெம்பு இல்லை.

லேபைப் பெருக்கிக் கூட்டி, பூட்டித் திறந்து பார்த்துக்கொள்கிற கண்ணம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். ஐம்பது வயசு தாண்டிய மனுஷி. இண்டூர்ப் பக்கத்துக்காரி, இங்கே வாக்கப்பட்டு வந்தவள். சிஸ்டங்களைச் சுற்றிப் பார்த்து உச்சுக்கொட்டினாள். ஒவ்வொரு திரையின் மூலையிலும் அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்று விஜயதசமி, அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை.

“பூசை போட்டுக் கும்புட்டும் இப்பிடிப் பண்ணுதே பாப்பா. யாரு கண்ணு பட்டுதோ.”

“கண்ணெல்லாம் இல்லக்கா. எங்கியோ நான்தான் தப்பு பண்ணியிருக்கேன்.”

“மொதல்ல அந்த இட்லியத் தின்னு. வயித்துல ஒண்ணும் இல்லாம மூளை எங்க ஓடும்?”

சொன்னது நியாயம்தான். இரண்டு இட்லியை அப்படியே விழுங்கிவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். எந்த சிஸ்டம் எப்போது நம்பர் கேட்டது, இது என்ன பதில் சொன்னது என்று நொடிக்கு நொடி அதில் எழுதியிருக்கும். மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். பதினாலாம் சிஸ்டம் நம்பர் கேட்கிறது. இவளுடைய சர்வர் இந்தா என்று நீட்டுகிறது. அது வாங்கவில்லை. இருபதாம் சிஸ்டம் கேட்கிறது, இது நீட்டுகிறது, அதுவும் வாங்கவில்லை. கேட்டவன் வரிசையை விட்டுப் போய்விட்டான் என்றால், வேறு யாரோ அவனுக்கு டோக்கன் கொடுத்திருக்க வேண்டும்.

டீயை வைத்துவிட்டுப் பதினாலாம் சிஸ்டத்துக்கு ஓடினாள். உனக்கு யார் விலாசம் கொடுத்தது என்று அதையே கேட்டாள். இவள் கொடுக்கிற நம்பரெல்லாம் 192.168.10 என்று தொடங்கும். அதன் விலாசமோ 192.168.1 என்று தொடங்கியது. கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் 192.168.1.1 என்று இருந்தது. அப்படி ஒருவர் இந்த லேபிலேயே கிடையாது.

“யார்றா நீ?” என்றாள் திரையைப் பார்த்து.

ஒரே வரிசைக்கு இரண்டு பேர் டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? யார் முந்திக்கொண்டு நீட்டுகிறானோ அவனிடம் வாங்கிக்கொண்டு போவார்கள். அதனால்தான் ஒரு தடவை முப்பத்தொன்று, ஒரு தடவை இருபத்திரண்டு. இவள் காலையிலிருந்து தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்ததெல்லாம் வீண். கோபம் வந்தது, கூடவே கொஞ்சம் நிம்மதியும் வந்தது.

ஆள் இருப்பது தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டுமே. லேபின் கேபிள்களெல்லாம் வந்து சேர்கிற மூன்று ஸ்விட்ச் பெட்டிகளும் விலை மலிந்தவை. எந்த ஓட்டையில் யார் இருக்கிறார்கள் என்று அவற்றைக் கேட்டால் ஊமை மாதிரி நிற்கும். ஒரே வழிதான். பதினாலாம் சிஸ்டத்திலிருந்து அந்த 192.168.1.1-ஐ விடாமல் கூப்பிடச் செய்தாள். இருக்கேன், இருக்கேன் என்று நொடிக்கு ஒரு பதில் திரையில் விழுந்துகொண்டே இருந்தது. கண்ணம்மாளைத் திரை முன்னால் உட்காரவைத்தாள்.

“இந்த வரி ஓடிக்கிட்டே இருக்குதில்லக்கா, அது எப்ப நிக்குதோ அப்ப ஒரு சத்தம் குடுங்க.”

மேசை மேல் ஏறி நின்று, பதினாலாம் சிஸ்டத்தின் கேபிளையும் ஸ்விட்ச்சுகளை இணைக்கிற கேபிளையும் விட்டுவிட்டு, முதல் ஸ்விட்ச்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிச் செருகினாள். மீதியெல்லாம் போயிற்று, கண்ணம்மாளிடமிருந்து சத்தமில்லை. கழுத்து வலித்தது, விரல் நுனி எரிந்தது. இரண்டாவது ஸ்விட்ச். பத்தொன்பதாம் கேபிளைப் பிடுங்கியபோது, “நின்னுபோச்சு பாப்பா” என்று குரல் வந்தது. திரும்பச் செருகினாள். “ஓடுது.” பிடுங்கினாள். “நின்னுபோச்சு.”

அந்தக் கேபிளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். சுவரோரம் ஓடி, ஜன்னல் மேல் ஏறி, ஓட்டை வழியாகப் பக்கத்து ஸ்டோர் ரூமுக்குள் போயிற்று. உடைந்த நாற்காலியும் கழித்த கீபோர்டும் கிடக்கிற அறை அது. எப்போதோ அங்கே ஒரு சிஸ்டம் இருந்த காலத்தில் இழுத்த கேபிள்.

“சாவி குடுங்கக்கா.”

கண்ணம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள், கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். முகம் மாறியிருந்தது.

“உள்ள நான் ஒண்ணு வெச்சிருக்கேன் பாப்பா. அதுவா இருக்காதில்ல?”

கதவைத் திறந்தார்கள். அலமாரியின் நடுத்தட்டில் வாழையிலைத் துண்டு விரித்து, அதன் மேல் பழைய வைஃபை ரவுட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மேனகாவே கழற்றி மூலையில் போட்டது. இப்போது துடைத்து, மினுமினு என்று, நெற்றியில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், இரண்டு கொம்புக்கும் சேர்த்து வாடிய சாமந்திச் சரம். பின்னால் இருந்த நாலு மஞ்சள் ஓட்டையில் ஒன்றில் அந்தக் கேபிள். பச்சை விளக்கு மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. கல்யாண மாப்பிள்ளை கெட்டான்.

“எதுக்குக்கா இதப் போட்டீங்க?”

“நீதான பாப்பா சொன்ன, எல்லாத்துக்கும் பொட்டு வையுங்க, ஒண்ணு வுடாமன்னு. இது மூலையில கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு, எடுத்துத் தொடச்சுப் பூசையில வெச்சேன்.”

“பூசையில வெச்சீங்க, சரி. கரண்ட் எதுக்குக் குடுத்தீங்க?”

“பூசையில வெச்சத விஜயதசமியன்னிக்கு ஒரு தடவையாச்சும் ஓட்டணும்ல? அருவாள வெச்சா ஒரு குச்சியாச்சும் வெட்டறோம். ஏர வெச்சா ரெண்டு சால் ஓட்டறோம். சும்மா எடுத்து மூலையில போட்டா வெச்ச பூசைக்கு என்னா அர்த்தம்? நேத்து வந்து கரண்ட்டுல சொருகுனேன். அந்த ஒயர் அங்கயே தொங்கிக்கிட்டிருந்துச்சு, அதயும் மாட்டுனேன். பச்சையா எரிஞ்சுது. உசுரு இருக்குதேன்னு அணைக்க மனசு வரல.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேனகாவுக்கு வாய்வரை வந்த கோபம் அங்கேயே நின்றது. ஒண்ணு விடாமல் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடியது அவள்தானே. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரே ஆள் இந்தக் கல்லூரியில் கண்ணம்மாள்தான் என்பது தெரிந்தும் சொன்னாள். யாரை நொந்துகொள்வது?

“அழாதீங்கக்கா. நேரமில்ல” என்று சொல்லி ரவுட்டரின் கரண்டைப் பிடுங்கினாள். மணி ஒன்று இருபது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. டோக்கன் கொடுத்தவனைத் துரத்திவிட்டாலும், அவன் கொடுத்த டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு பேர் நிற்கிறார்களே. பத்து சிஸ்டத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒன்றிரண்டு புதிதாகக் கேட்டு வாங்கின, மீதி பழைய நம்பரையே கேட்டுக்கொண்டு மல்லுக்கு நின்றன. இவளுடைய சர்வரோ, யாரோ கொடுத்தது, நமக்கென்ன என்று வாயே திறக்கவில்லை. அந்த நம்பர் இங்கே செல்லாது என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால், இந்த வலைக்கு நான்தான் பொறுப்பு என்று ஒரு வரி அமைப்பில் இருக்க வேண்டும். வரி இருந்தது. கல்லூரி ஆபீஸ் சிஸ்டங்களோடு ஏதாவது வம்பு வந்துவிடுமோ என்று பயந்து, அதன் முன்னால் ஒரு குறியைப் போட்டு அவளே ஊமையாக்கி வைத்திருந்தாள். குறியை எடுத்தாள். சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினாள்.

“கண்ணம்மாக்கா, அந்த வரிசை நீங்க, இந்த வரிசை நான். அணைச்சுப் போடுங்க. பரீட்சைத் திரை நீலமா வந்தா வுட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. வெள்ளையா சுத்துனா என்னக் கூப்புடுங்க.”

கண்ணம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, நீலமும் வெள்ளையும் தெரியாதா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். “நீலம்.” “நீலம்.” “இதுவும் நீலம் பாப்பா.” அணைந்த சிஸ்டம் உயிர் பெறுவதற்குள் மனுஷிக்கு ஒரு வயசு கூடிவிடுகிறது, அத்தனை கிழடு தட்டிய சிஸ்டங்கள். நாற்பத்தேழாம் சிஸ்டம் நீலமாக வந்தும் மவுஸ் நகரவில்லை, வேறு மவுஸ் தேடி எடுத்து மாட்ட வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அறுபதும் நீலமாக நின்றன. இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சேலத்து ஆள் தமிழ்ச்செல்வன் மூன்றே காலுக்கு வந்தார். அவரும் காலையிலிருந்து இரண்டு சென்டர் பார்த்துவிட்டு வந்த களைப்பில் இருந்தார். தீர்த்தகிரி வெள்ளை வேட்டியில் கூடவே நின்றார். அரை மணி நேரம், அறுபதும் அசையவில்லை. தமிழ்ச்செல்வன் தலையாட்டினார். பிறகு, கம்பெனி விதி என்று சொல்லி, சர்வரின் அன்றைய பதிவேட்டை ஒரு பிரதி எடுத்தார். எடுத்தவர் சும்மா இருக்காமல் ஓட்டிப் பார்த்தார்.

“மேடம், காலையில வேற ஒரு டிஹெச்சிபி இந்த நெட்வொர்க்ல ஓடியிருக்கே. யார் போட்டது?”

தீர்த்தகிரி திரும்பினார். “என்னாது? யாரு?”

வாசலில் டீத் தட்டோடு கண்ணம்மாள் நின்றாள். தட்டில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. போன வருஷம் ஒரு குழாயை மூட மறந்ததற்கு வாட்ச்மேனை அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பினவர் தீர்த்தகிரி. இது அவளுக்கும் தெரியும், மேனகாவுக்கும் தெரியும்.

“நான்தாங்க” என்றாள் மேனகா. “பழைய ரவுட்டர் ஒண்ணு வேலை செய்யுதான்னு பாக்கப் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். கண்டுபிடிச்சு எடுத்தாச்சு.”

தமிழ்ச்செல்வன் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, எழுதினார்.

“சென்டர் ஓகே சார்” என்று தீர்த்தகிரியிடம் சொன்னார். “ஆனா வெளி டிவைஸ் போட்டவங்கள பரீட்சையன்னிக்கு லேபுக்குள்ள வுடக் கூடாது. எங்க பையன் ஒருத்தன் வந்து சர்வர பாத்துக்குவான். மேடம் உள்ள வேணாம்.”

“உள்ள வேணாம்னா வேணாம்” என்றார் தீர்த்தகிரி. அவருக்கு சென்டர் கிடைத்த சந்தோஷமும் இவள் மேல் வந்த எரிச்சலும் சேர்ந்தே இருந்தது. “பதினோரு வருஷ சர்வீஸ்ல இதானா நீ கத்துக்கிட்டது? ஞாயித்துக்கிழமை கேட்டப் பாத்துக்க, போ.”

கண்ணம்மாள் டீயை நீட்டினாள். மேனகா வாங்கிக் குடித்தாள். கண்ணம்மாள் சர்க்கரை போட மறந்திருந்தாள், இவள் டம்ளரைக் காலி செய்துதான் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கே மேனகா கேட்டில் நின்றாள். கையில் பேர்ப் பட்டியல், விரலில் பூட்டுச் சாவி. லேபில் அவள் நாற்காலியில் யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். உள்ளே ஒரு சிஸ்டம் வெள்ளையாகச் சுற்றினாலும் அவளால் போய்ப் பார்க்க முடியாது. ஜன்னல் வழியாக நீலம் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

எட்டரைக்குச் சித்தேரி பஸ் கல்லூரி எதிரிலேயே நின்றது. ஒன்பது பேர் இறங்கினார்கள். தலை கலைந்து, பஸ் வாந்தியில் முகம் வெளுத்து, ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு பெண் முதலில் ஓடிவந்தாள்.

“அக்கா, கேட்டு சாத்திருவீங்களா? நாங்க மலையிலருந்து வரோம்.”

“ஒம்பதே காலுக்குத்தான் சாத்துவோம். முக்கா மணி நேரம் கெடக்கு. அந்தக் கொழாயில மூஞ்சி கழுவு, உக்காந்து ஏதாச்சும் சாப்புடு, மெதுவா உள்ள போ.”

அந்தப் பெண் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் போனாள். மேனகா ஒன்பது பேருக்கு நேராகவும் ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். பேனா ஒரு இடத்தில் எழுதவில்லை, அழுத்தி இரண்டு தடவை போட்டாள்.

மணி ஒன்பதே கால் ஆயிற்று. பட்டியலில் அறுபதுக்கும் டிக் விழுந்துவிட்டது. பரீட்சைக்கு வர ஒருவரும் பாக்கி இல்லை. சாலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று போனது. மேனகா கேட்டைச் சாத்தவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அரூர் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து கண்ணம்மாள் வந்தாள். “அறுபதும் நீலம் பாப்பா. ஜன்னல் வழியா எண்ணிட்டு வந்தேன்” என்றாள். பிறகு திறந்திருந்த கேட்டைப் பார்த்தாள். “யாருக்கு நிக்கற? எல்லாரும்தான் வந்துட்டாங்களே.”

“எல்லாரும் வந்துட்டாங்கக்கா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

கண்ணம்மாள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஏழு நிமிடம் கழித்து, ஒன்பது இருபத்திரண்டுக்கு மேனகா கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.